பிளஸ் டூவுக்குப் பிறகு ஐ.டி. வேலை: எந்தப் படிப்பு, எந்தத் தகுதி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிக்கும் மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் செய்ததை அப்படியே செய்து இடத்தைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

ஐ.டி. வேலைக்கு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், காக்னிசன்ட் போன்ற பெரிய சேவை நிறுவனங்கள் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்), ட்ரிபிள்-இ (எலெக்ட்ரிக்கல்), மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களுக்கும் தனியாக ஆள் எடுப்பு உண்டு. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் பி.இ.யைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் விப்ரோவின் வில்ப் போன்ற திட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டே, நிறுவனத்தின் செலவிலேயே, எம்.டெக். வரை படிக்கலாம். சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கும் நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைவிட, ஒரு கணக்கைக் கொடுத்தால் உட்கார்ந்து நிரல் எழுதத் தெரிகிறதா என்பதையே பார்க்கின்றன.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது?

கணிதம் உள்ள எந்த குரூப்பும் சரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். பயோ-மேக்ஸ் படித்தவரும் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேரலாம், அங்கே நிரலாக்கம் அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறது. கணிதத்தை விட்டுவிட்டால் பி.இ. கதவு மூடிவிடும். பின்னாளில் எம்.சி.ஏ. சேரவும் கணிதம் இல்லாதது குறுக்கே நிற்கலாம்.

பி.இ. சேர்க்கைக்கான கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் சேருமா?

மொத்தம் 200. கணிதம் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு, தலா 50-க்கு வரும். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 90 என்றால் 92 + 42 + 45 = 179. கம்ப்யூட்டர் சயின்ஸில் 100 வாங்கியிருந்தாலும் இந்தக் கூட்டலில் அது வராது. இதைத் தேர்வு முடிந்த பிறகு தெரிந்துகொண்டு வருந்துகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் ஒன்றைக் குறைக்கும், இயற்பியலில் போனால் அரைதான். கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணும், பிறகு இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படும்.

சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி: எது நல்லது?

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பி.இ. பட்டம், ஐ.டி.க்கும் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸுக்கும் பி.டெக். பட்டம். பி.டெக். என்பதால் மதிப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டி.பி.எம்.எஸ். (தரவுத்தள மேலாண்மை), ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், அல்காரிதம்ஸ் என்ற ஐந்து பாடங்களும் எல்லாப் பிரிவிலும் ஏதோ ஒரு வடிவில் வரும். நேர்காணலில் கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வரும் நாலைந்து பாடங்களில்தான் பிரிவுக்குப் பிரிவு வேறுபாடு.

புதுப் பெயருள்ள பிரிவில் சேரும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பிரிவில் இதுவரை எத்தனை பேட்ச் படித்து முடித்து வெளியே போயிருக்கிறது? ஒரு பேட்ச்கூட முடிக்கவில்லை என்றால், அந்தப் பிரிவின் பிளேஸ்மென்ட் (கல்லூரி வழியாகக் கிடைக்கும் வேலை) பற்றிக் கல்லூரி சொல்லும் எதற்கும் ஆதாரம் கிடையாது. பாடம் நடத்துபவர்கள் அதே பழைய சி.எஸ்.இ. ஆசிரியர்களா, புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

நல்ல கல்லூரியில் இ.சி.இ.யா, சுமாரான கல்லூரியில் சி.எஸ்.இ.யா?

எங்கள் கருத்தில் நல்ல கல்லூரிதான். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர் போன்ற இடங்களுக்கு வரும் நிறுவனங்கள் பல பிரிவு மாணவர்களுக்கும் தேர்வு எழுத வாய்ப்புத் தருகின்றன. சுமாரான கல்லூரிக்கு அந்த நிறுவனங்கள் வருவதே இல்லை. வராத நிறுவனத்திடம் உங்கள் பிரிவின் பெயரைக் காட்ட வழியில்லை. சிவில், மெக்கானிக்கலில் உங்களுக்குத் துளியும் ஆர்வமில்லை என்றால் கதை வேறு. நான்கு ஆண்டுகள் பிடிக்காத பாடத்தைப் படித்து அரியர் வைப்பதைவிட, ஓரளவு நல்ல கல்லூரியில் பிடித்த பிரிவே மேல்.

கல்லூரியை எடைபோட நான்கு விஷயங்களைப் பாருங்கள்: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி, அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காடு, கடந்த ஆண்டு அந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்பது. என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, பிரிவு பிரிவாகத்தான் கிடைக்கும். கல்லூரி வாசலில் பலகை இருக்கிறது என்பதால் உங்கள் பிரிவுக்கும் அது உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால், அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டை மற்ற கல்லூரிகளோடு நேராக ஒப்பிட முடியாது.

கவுன்சலிங்கில் எங்கே தவறு நடக்கிறது?

பி.இ. இடங்களை ஒதுக்கும் கவுன்சலிங் முழுக்க ஆன்லைனில், சுற்றுச் சுற்றாக நடக்கிறது. உங்கள் சுற்று வந்ததும் விருப்பப் பட்டியலைப் பதிய சில நாட்கள்தான் கிடைக்கும். தவறுகள் இவை:

ஒன்று, பட்டியலைச் சுருக்கமாகப் போடுவது. "கிடைத்தால் இந்தப் பத்து, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று பதிந்துவிட்டு, எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டு, அங்கே மிச்சம் மீதியில் தேடுவார்கள். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. ஐம்பது, நூறு என்று போடலாம்.

இரண்டு, வரிசை. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். "இது எனக்குக் கிடைக்காது" என்று பிடித்த கல்லூரியைக் கீழே இறக்க வேண்டாம். மேலே வைப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

மூன்று, குறியீட்டுக் குழப்பம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏராளம். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இரண்டு வரிகளில் வரும், கட்டணம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். கல்லூரி எண்ணையும் பாடக் குறியீட்டையும் தாளில் எழுதி வைத்து, இருவராக உட்கார்ந்து சரிபாருங்கள்.

நான்கு, உறுதி செய்ய மறப்பது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகள் இருக்கும்: ஏற்றுச் சேர்கிறேன், ஏற்று மேலே காத்திருக்கிறேன், மறுத்து மேலே காத்திருக்கிறேன், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு அதைவிட நல்லதற்குக் காத்திருக்க விரும்பினால் இரண்டாவதுதான் பாதுகாப்பு. கெடுவுக்குள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் இடம் கைநழுவிவிடும். ஏற்ற பிறகு கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டாலும் அதே கதிதான்.

செலவு எவ்வளவு? உதவி என்ன கிடைக்கும்?

சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017-ல் நிர்ணயித்த ஆண்டுக் கல்விக் கட்டணம்: கவுன்சலிங் வழி இடத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. கல்லூரியே நிரப்பும் மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000. பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் தனி. சேரும் முன் "நான்கு ஆண்டுக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். முதலாண்டுத் தொகையை மட்டும் சொல்லி, இரண்டாம் ஆண்டில் "பயிற்சிக் கட்டணம்" என்று தனி ரசீது நீட்டுவது பல இடங்களில் நடக்கிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், இ-சேவை மையம் வழியாக அந்தச் சான்றிதழ் வாங்கி, சுயநிதிக் கல்லூரியிலும் 25,000 ரூபாய் வரை கட்டணச் சலுகை பெறலாம். இது கவுன்சலிங் வழி வந்தால்தான், மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். இவற்றுக்கு வேண்டிய வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். தேர்வு முடிவு வந்த பின் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் இழுத்தடிக்கும்.

பி.சி.ஏ.யா, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸா? இவை வீணா?

வீணில்லை. அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் மூன்றாண்டுப் பட்டம் கிடைக்கிறது. ஐந்தாறு லட்சம் கடன் வாங்கிச் சுமாரான பொறியியல் கல்லூரியில் சேர்வதற்கு இது எத்தனையோ மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. பி.எஸ்சி.யில் கணிதமும் அறிவியல் அடிப்படையும் கூடுதலாக இருக்கும், பி.சி.ஏ. நேராகப் பயன்பாட்டு மென்பொருள் பக்கம் போகும். வணிகவியல் குரூப் படித்தவர்களையும் பல கல்லூரிகள் பி.சி.ஏ.வில் சேர்த்துக்கொள்கின்றன. 2024-25 முதல் பி.சி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டது. சேரும் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த படி எம்.சி.ஏ. முன்பு மூன்றாண்டு, 2020-21 முதல் இரண்டாண்டு. தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். என்.ஐ.டி.களில் (தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள்) சேர நிம்செட் நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் பி.சி.ஏ. சேருகிறவர்கள், அந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் கணிதத் தாள் இருக்கிறதா என்று முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கு இன்னொரு வழி, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது.

பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோ சேரலாமா?

வீட்டு நிலைமை சீக்கிரம் சம்பாதிக்கச் சொன்னால் நல்ல வழி. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு, பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஆக, பிளஸ் டூ போய் பி.இ. முடிப்பதற்கும் இதற்கும் காலம் ஒன்றுதான்: இரண்டிலும் பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஆறு ஆண்டுகள். சிக்கல் ஒன்று உண்டு. டிப்ளமோ மாணவர்கள் பி.இ. மூன்றாம் செமஸ்டரில் வரும் கணிதத்தில் தடுமாறுகிறார்கள், முதலாண்டுக் கணிதத்தை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். சேர்வதற்கு முந்தைய கோடையில் மேட்ரிக்ஸ், கால்குலஸ் இரண்டையும் ஒரு மாதம் படித்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் பெருமளவு குறையும்.

ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாமல் ஐ.ஐ.டி. பட்டம் பெற முடியுமாமே?

முடியும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் படிப்பு, இன்று டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் பி.எஸ். பட்டமாக வளர்ந்திருக்கிறது. நான்கு வாரப் பாடம் படித்து, வார வேலைகளைச் செய்து, தகுதித் தேர்வில் தேறினால் இடம். இடத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, யாரோடும் போட்டியில்லை. பாடம் ஆன்லைனில் நடக்கும், தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அடிப்படை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று எந்தப் படியிலும் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம். முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இன்னொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம்.

சேருவது எளிது, முடிப்பது கடினம். வாரத்துக்கு ஒரு பாடத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் ஒரு பருவத்துக்கு நான்கு பாடம் எடுத்துத் திணற வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள்.

கல்லூரிக்கே போகாமல் நேராக வேலைக்குப் போக வழி இருக்கிறதா?

ஸோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ மாணவர்களைத் தேர்வு செய்து, கட்டணம் வாங்காமல், மாதப் படி கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. தென்காசிப் பக்கமும் அதற்கு வளாகம் உண்டு. எச்.சி.எல்.லின் டெக்பீ, பிளஸ் டூ மாணவர்களுக்குப் பயிற்சியும் வேலையும் கொடுத்து, வேலையோடு பட்டம் படிக்கவும் ஏற்பாடு செய்கிறது. இத்தகைய எந்தத் திட்டத்திலும் சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் உண்டா? எத்தனை ஆண்டு ஒப்பந்தம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும்?

அரியர் வைத்தால் வேலை கிடைக்காதா?

பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை பத்து, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, தேர்வு நடக்கும் நாளில் அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. சில நிறுவனங்கள் அரியர் வைத்து முடித்த வரலாறே கூடாது என்கின்றன. பிளேஸ்மென்ட் ஏழாம் செமஸ்டரின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதனால் ஆறாம் செமஸ்டர் முடியும்போது கணக்கில் ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது.

அரியர் குவிவது முதல் இரண்டு செமஸ்டரில்தான்: மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினியரிங் கிராபிக்ஸ். பிளஸ் டூ கணிதத்தை மனப்பாடம் செய்து 95 வாங்கியவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள். பள்ளியில் புத்தகப் பயிற்சிக் கணக்கே தேர்வில் வந்தது, இங்கே எண்ணும் அமைப்பும் மாறி வரும். வாரத்துக்கு ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை.

தமிழ் வழியில் படித்தவன் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தமிழ் வழியில் தொடங்கிய பொறியியல் சிவிலும் மெக்கானிக்கலும்தான். கம்ப்யூட்டர் பாடங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். முதல் மூன்று மாதம் கடினமாக இருக்கும், பிறகு பழகிவிடும். பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, விடையைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதப் பழகுங்கள். தினமும் ஒரு கருத்தை நான்கு வரி ஆங்கிலத்தில் நோட்டில் எழுதுங்கள். நேர்காணலில் இலக்கணப் பிழையைப் பெரிதுபடுத்துகிறவர்கள் குறைவு. "உங்கள் புராஜெக்ட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதற்குத் தடுமாறாமல் இரண்டு நிமிடம் பேச முடிந்தால் போதும், அதைக் கண்ணாடி முன் பேசிப் பழகிவிடலாம்.

படிக்கும் காலத்தில் கூடுதலாக என்ன சான்றிதழ் வாங்க வேண்டும்?

முதல் இரண்டு ஆண்டில் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மொழியை உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள்: பைத்தான், ஜாவா, சி++, எதுவானாலும் ஒன்று. கூடவே எஸ்.க்யூ.எல். (தரவுத்தள மொழி), கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), லினக்ஸ் கட்டளைகள். மூன்றாம் ஆண்டில் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்பது தெரிந்த பிறகு அதற்கேற்ற ஒன்று போதும். நெட்வொர்க் பக்கம் என்றால் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., சர்வர் நிர்வாகம் என்றால் ரெட் ஹாட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ., கிளவுட் என்றால் அமேசான் சான்றிதழ். மூன்றுக்கும் செல்லுபடி மூன்று ஆண்டுகள்தான். முதலாண்டில் வாங்கினால் வேலைக்குச் சேரும் முன்பே காலாவதியாகிவிடும். ஆர்.எச்.சி.எஸ்.ஏ.வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே கிடையாது, இயங்கும் கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதனால் அதற்கு மதிப்பும் அதிகம்.

கைக்காசு குறைவு என்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டெல். இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். மதிப்பெண்ணில் வார வேலைகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பல கல்லூரிகள் இதைக் கிரெடிட்டாகவும் ஏற்கின்றன. இரண்டு நாள் பயிலரங்குச் சான்றிதழ்களை பயோடேட்டாவில் அடுக்க வேண்டாம், அதைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை.

"நூறு விழுக்காடு வேலை உறுதி" என்னும் பயிற்சி நிலையங்களை நம்பலாமா?

நல்ல பயிற்சி நிலையங்களும் உண்டு, ஆனால் யாராலும் வேலைக்கு உறுதி கொடுக்க முடியாது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் காலடி வைக்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சில இடங்களில் வேலை பார்க்காத நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஆண்டு அனுபவச் சான்று தயாரித்துக் கொடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த பின் நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பு நடத்தும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நீங்கள் எங்கே, எப்போது வேலை பார்த்தீர்கள் என்பது அப்படியே தெரியும். பிடிபட்டால் வேலை போகும், அடுத்த நிறுவனத்திலும் அந்தக் கறை தொடரும்.

மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகலாமா?

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றன. பள்ளி பன்னிரண்டு, பட்டம் மூன்று என்றால் ஒன்று குறைகிறது. எம்.சி.ஏ.வோ எம்.எஸ்சி.யோ முடித்தால் அந்தக் குறை தீரும். பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டமே போதும். வெளிநாட்டுத் திட்டம் இப்போதே மனதில் இருந்தால், நான்காண்டுப் பட்டமோ, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ் போன்ற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யோ எடுங்கள்.

தொலைதூரக் கல்வியில் படித்தால் செல்லுமா?

இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் பி.சி.ஏ., எம்.சி.ஏ., யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பணியக அனுமதி இருக்கும் ஆண்டில் சேர்ந்தால் செல்லும். தொலைதூர பி.இ., பி.டெக். செல்லாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் ஏற்க மறுத்தது. வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்க ஆசை என்றால், பகுதிநேரப் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் மாலை வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

என்ன லேப்டாப் வாங்குவது?

முதல் செமஸ்டருக்குக் கல்லூரி ஆய்வகமே போதும், சேர்ந்த பிறகு சீனியர்களைக் கேட்டு வாங்குங்கள். 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் நான்கு ஆண்டும் ஓடும். 8 ஜி.பி.தான் முடியும் என்றால், பின்னால் ராம் கூட்ட இடம் உள்ள மாடலாகப் பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்ட முடியாது. ஏ.ஐ. பிரிவு என்பதற்காகக் கிராபிக்ஸ் கார்டுக்கு முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். பாட அளவுக்கான பயிற்சிகளை, இணையத்திலேயே நிரலை இயக்க உதவும் கூகுள் கோலாபில் இலவசமாகவே செய்து பார்க்கலாம்.